சீட்டில் விழுந்த மருந்து

என் ஆசை மச்சான் தேசப்பனுக்கு,

எப்படி இருக்கே? அங்கேயும் உன் கையில் வலையைக் கொடுத்து ஓட்டையை அடைக்கச் சொல்லியிருக்கிறார்களா? கொடுத்திருந்தால் மேலே இருக்கிற மீனெல்லாம் நிம்மதியாகத் தூங்கும். நீ சரிபண்ணின வலையில் மாட்டினதைவிட நழுவினதுதான் அதிகம் என்று நம் ஊர் தோணிரேவில் கேட்டால் யாரும் சொல்வார்கள்.

கோபப்படாதே. நீ போன பிறகு கிண்டல் பண்ண ஏற்ற ஆள் ஒருத்தனும் சிக்கவில்லை எனக்கு. மற்றவனெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். நீ ஒருத்தன்தான் முறைப்பாய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போவாய், பத்தடி போனதும் திரும்பி நின்று சிரிப்பாய். அந்த முறைப்புக்கு ஏங்கிப்போய் இருக்கிறேன்.

உன் தங்கச்சி மல்லிகா நன்றாக இருக்கிறாள். அதாவது என்னைத் திட்டுகிற தெம்பில் குறை ஒன்றுமில்லை. உன் பொண்ணு செல்வி மீஞ்சூரில் ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறாள். நான் கிறுக்குவதை அவள்தான் போனில் அடித்து, பிழை திருத்தி, நம் ஜனங்கள் எல்லாரும் படிக்கிற மாதிரி போடப் போகிறாள். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன், நீ நாலாவது. அந்த ஒரு கிளாஸ் பெருமையை நீ சாகிற வரைக்கும் விடவில்லையே, மறக்க முடியுமா?

பழவேற்காட்டு முகத்துவாரத்தை இந்த வருஷமும் மணல் அடைத்துத் திரும்பவும் தோண்டினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன்கள் கூடிவிட்டன. பூநாரைகள் வந்து ஏரியில் ஒற்றைக்கால் போட்டு நிற்கின்றன. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நீ நிற்பாயே, அச்சு அசலாக அப்படி.

சரி, இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, மச்சான். உனக்குக் கன்னத்தின் உள்பக்கம் வந்தது. எனக்கு நாக்கில், இடது ஓரம்.

ஆமாம், நாக்கில்தான். வேறு எங்கே வந்திருந்தாலும் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். இந்த ஊரில் என்னிடம் இருக்கிற ஒரே சொத்து இதுதானே?

ஒரே பொட்டலத்தைப் பிரித்துத்தான் ரெண்டு பேரும் புகையிலை அடக்கினோம். வெயிலில் பசி தெரியாது என்று சொல்லிக்கொண்டோம். உன்னைக் கொண்டுபோய் மண்ணில் வைத்த அன்று மிச்சத்தை ஏரியில் வீசினவன்தான், இன்றுவரைக்கும் தொடவில்லை. நான் விட்டேன். அது என்னை விடவில்லை போலிருக்கிறது.

கண்டுபிடித்தது உன் தங்கச்சி. அன்று மடவை மீன் குழம்பு. “இன்னாடி இது, ஏரித் தண்ணிய அப்டியே மொண்டுனு வந்து கொதிக்க வெச்சிட்டியா?” என்று வழக்கம்போலக் கேட்பேன், பதிலுக்குக் கரண்டியை ஓங்கலாம் என்று காத்துக்கொண்டு நின்றாள். நான் கிண்டல் ஒன்றும் பண்ணாமல் குழம்பைத் தள்ளிவிட்டு மோர்ச் சோறு கேட்டேன். அவ்வளவுதான், என் முகவாயைப் பிடித்துவிட்டாள்.

“யோவ், வாயத் தொற.”

“இன்னாத்துக்கு? பல்லு புடுங்கப் போறியா?”

“எங்கண்ணனும் இப்டித்தான் மொதல்ல கொழம்பு வேணாம்னுச்சு. தொறய்யா!”

போன் வெளிச்சத்தில் பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றாள். அவள் பேசாமல் நின்றால் நான் கிளம்பியாக வேண்டும். அது உனக்கும் தெரியும்.

நீ என்ன பண்ணினாய்? துண்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு “பல்லு வலி”, “பல்லு வலி” என்று எங்கள் எல்லாரையும் ஏய்த்தாய். துண்டை அவிழ்த்தபோது கட்டி கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருந்தது. டாக்டர்களால் வலிக்குத்தான் மருந்து கொடுக்க முடிந்தது. ஏன் மச்சான் மறைத்தாய்? பயமா, வெட்கமா? கேட்டால் சொல்லவா போகிறாய்?

உன் கடைசிப் பாடுச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? வெளியூர்க்காரர்கள் படித்தால் புரியாது என்று செல்வி சொல்கிறாள், அதனால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம். அதுதான் பாடு. நல்ல இடமும் வரும், நண்டுகூட எட்டிப் பார்க்காத இடமும் வரும். சீட்டில் விழுந்தது விழுந்ததுதான். சீட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட ஆள் “இருக்கேன்” என்று வாயால் சொல்ல வேண்டும்.

அன்று உன் பேரைக் கூப்பிட்டார்கள். நீ எழுந்து நின்றாய். துண்டுக்குள்ளிருந்து காற்று மட்டும்தான் வந்தது. திரும்பவும் கூப்பிட்டார்கள். ஊரே தலையைக் குனிந்துகொண்டது. நான்தான் எழுந்து, “தோ நிக்கிறான்ல, கண்ணு தெர்லியா? இருக்கான்!” என்று கத்தினேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை. உன்னிடம் நான் எத்தனையோ முறைப்பு வாங்கியிருக்கிறேன். இது முறைப்பு இல்லை. அந்தப் பார்வை என் நெஞ்சை விட்டு இன்னும் இறங்கவில்லை, மச்சான்.

என் நாக்கைக் காட்டின பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. செல்வியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருந்தால் அதிகம். சதை எடுத்துச் சோதித்துவிட்டு, உட்காரவைத்து, ஒளிக்காமல் சொன்னாள். “கேன்சர்தான். ஆபரேஷன் பண்ணணும். இப்ப இருக்கிற அளவுக்கு வெட்டினா நாக்குல பாதிக்கு மேல போயிடும். பேச்சு ரொம்ப மாறிடும்.”

மல்லிகா என் கையைப் பிடித்தாள். நான், “பரவால்ல டாக்டரம்மா, என் வாய் அடங்கினா எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு உங்களுக்குப் பூஜை நடக்கும்” என்றேன். அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை. சிரிக்காதவளைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

அப்புறம்தான் ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னாள். வெட்டுவதற்கு முன்னால் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க முடிகிறதா என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. சுருங்கினால் வெட்டுவது குறையலாம். குறையாமலும் போகலாம். மருந்து பழைய மருந்துதான், கட்டித் தரும் பொட்டலம்தான் புதுசு. ரொம்ப ரொம்பப் பொடியான பொட்டலம். ஒரு தலைமுடியின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்குமாம். நானோ மருந்து என்று பேர்.

“அளந்து பாக்க என் தலையில முடி ஏது?” என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

நான் ஏரிக்காரன் என்று தெரிந்ததும் காகிதத்தில் படம் போட்டாள். உடம்பில் நல்ல ரத்தக் குழாய் நெருக்கமான கண்ணி வலை மாதிரி. இந்தப் பொட்டலம் அதில் லேசில் வெளியே வராது. கட்டி இருக்கிறதே, அது அவசரத்தில் தனக்குத்தானே குழாய் போட்டுக்கொண்டு வளர்கிறது. அந்தக் குழாய் ஓட்டை வலை. பொட்டலம் அங்கே வந்ததும் ஓட்டை வழியாக நழுவிக் கட்டிக்குள் இறங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. “எல்லா உடம்புலயும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாதுங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி” என்றாள்.

“அப்ப கட்டிக்கு வலை பின்னத் தெரியாதுன்றீங்க. எங்க மச்சான் மாதிரியே” என்றேன். பக்கத்தில் மல்லிகா சிரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்த நாளிலிருந்து அதுதான் அவள் முதல் சிரிப்பு. உன் ஓட்டை வலைக்கு ஒரு நன்றி.

அடுத்து டாக்டரம்மா சொன்னதில்தான் மல்லிகாவின் சிரிப்பு போய்விட்டது. ஆராய்ச்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொட்டல மருந்து. மீதிப் பேருக்கு அதே மருந்து பழைய மாதிரி. யாருக்கு எது என்று டாக்டர் முடிவு பண்ண மாட்டார். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

“எம் புருஷன் உசுர சீட்டு போட்டுக் குலுக்குவீங்களா?” என்று எழுந்துவிட்டாள் மல்லிகா.

“குந்துடி. பாடு போடறாங்கடி, அவ்ளோதான்” என்றேன் நான். “வேணும்னவனுக்கு நல்ல எடம், வேண்டாதவனுக்கு மொட்டை எடம்னு எவனும் கை வெக்க முடியாதுல்ல? நம்ம ஊரு நாயம்தான இது?”

ரெண்டு வழியிலும் சரியான வைத்தியம் உண்டு, வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகிவிடலாம், அதற்காக வைத்தியம் நிற்காது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன். குலுக்கினார்கள். எனக்குப் பொட்டல மருந்து விழுந்தது. ஆயுசில் ஒரு தடவையாவது எனக்கு நல்ல பாடு விழுந்ததே என்று மல்லிகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது நீ சிரிக்கப் போகிற இடம் வருகிறது.

மருந்து ஏற்றுகிற ஹாலில் எனக்கு அடுத்த கட்டில் சேகர் என்று ஒரு பையன், மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவனுக்கும் நாக்குதான். புகையிலை, பான் எதுவும் தொடாதவன். அவனுக்கு ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. என் சீசாவில் மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அவனுடையது தண்ணீர் மாதிரி.

“இன்னாண்ணா, உங்களுக்குப் பாலு, எனக்குத் தண்ணியா?” என்றான் சிரித்துக்கொண்டே. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எம் பொண்ணு இன்னும் பேச ஆரம்பிக்கலண்ணா. நான் பேசறதக் கேட்டுத்தான அது பேசணும்?”

நீயாக இருந்தால் என்ன பண்ணியிருப்பாய்? வீட்டில் கஷ்டம் என்றால், நமக்கு விழுந்த நல்ல இடத்தை மச்சானுக்கோ பங்காளிக்கோ விட்டுக்கொடுத்துவிட்டு அவன் இடத்தை நாம் எடுத்துக்கொள்வது இல்லையா? செல்வி பிறந்தபோது உனக்கு நான் விட்டுக்கொடுத்தேன். என் அம்மா படுத்தபோது எனக்கு நீ கொடுத்தாய். ஊரும் சரி என்றது. அந்த நினைப்பிலேயே, அடுத்த முறை மருந்துக்குப் போனபோது, மல்லிகா டீ வாங்கப் போன நேரம் பார்த்து, “டேய், எம் பாட நீ எடுத்துக்க. என் கட்டில்ல வந்து படு” என்றேன். அவன் முதலில் மாட்டேன் என்றான். அவன் பொண்ணை ஞாபகப்படுத்தினேன். வந்து படுத்துவிட்டான்.

நர்ஸ் வெள்ளை சீசாவோடு வந்து, “பேர் சொல்லுங்க” என்றாள்.

“க... கன்னியப்பன்.”

“வயசு?”

பையன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். நர்ஸ் அவன் மணிக்கட்டைத் திருப்பி, அதில் கட்டியிருந்த பேரைப் படித்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தம் பழவேற்காடு வரைக்கும் கேட்டிருக்கும். “ஆளுக்கு ஆள் அளவு வேற, உடம்பு வேற! உயிரோட வெளையாடறீங்களா?”

டாக்டரம்மா வந்தாள். அன்றும் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த கட்டில் ஓரம் அவளும் உட்கார்ந்தாள். நான் நம் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

“உங்க ஊர்ல சீட்டுப் போடறது எல்லாருக்கும் பங்கு கெடைக்கணும்னு. மாத்திக்கிட்டா நஷ்டம் இல்ல. நாங்க போடறது இந்த மருந்து நெஜமாவே வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க. இதுதான் நல்லதுன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. நீங்க ஆளாளுக்கு மாத்திக்கிட்டீங்கன்னா, உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு நாங்க எதைச் சொல்றது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னதால் இல்லை. அது உன் வார்த்தை, மச்சான்.

புயலுக்குப் பிறகு முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக் கிடக்கும்போது முதல் படகு நம்முடையதுதான் போகும். நீ படகின் முன்னால் அணியத்தில் நின்று கழியை ஊன்றி ஊன்றி, “முட்டி! இடுப்பு! மாரு!” என்று ஆழத்தைக் கத்திக்கொண்டே வருவாய். பின்னால் வருகிற படகெல்லாம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு நாள் பக்கத்தில் மடவைக் கூட்டம் துள்ளியது, நான் படகைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒடித்தேன். கழியாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாய். “மீன் புடிக்க வந்தியா, வழி பாக்க வந்தியா? நீ நெனச்ச பக்கம் போனா பின்னாடி வர்றவன் எத நம்பி வருவான்?”

அந்த அடி இத்தனை வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலித்தது. எழுந்து என் கட்டிலில் நானே படுத்துக்கொண்டேன். சேகர் அவன் கட்டிலுக்குப் போனான். ஏறினது அவரவர் மருந்து.

மல்லிகா டீயோடு வந்து விஷயத்தைக் கேட்டாள். மீஞ்சூர் வரைக்கும் ரயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவள், இறங்கும்போது, “எங்கண்ணனுக்குக் குடுக்கறதுக்கு ஒரு மருந்தும் இல்லாம போச்சு. உனக்குக் கெடைச்சத நீ தானம் பண்ணிட்டு வர்றியா?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் கையிலிருந்த பையை வாங்கி நான் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஒழுங்காக ஏற்றிக்கொண்டேன். குமட்டல், விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் வலைக்கண்ணி தட்டுப்படவில்லை, இருந்த நாலு முடியும் கொட்டிற்று. மொட்டைத் தலையில் வெயில் பட்டுப் பளபளத்தால் கலங்கரை விளக்கம் என்று நினைத்துப் படகு வந்து மோதும் என்று ஊருக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

பலன் என்ன என்று கேட்பாய். என் கட்டி சுருங்கியிருக்கிறது. சேகருடையதும் சுருங்கியிருக்கிறது, என்னுடையதைவிட நன்றாகவே. தண்ணீர் மருந்து! டாக்டரம்மாவிடம், “அப்ப எது ஒசத்தி?” என்று கேட்டேன். “உங்க ரெண்டு பேரை வெச்சு சொல்ல முடியாதுங்க. எல்லாரையும் பார்த்து முடிக்கணும்” என்றாள். அன்று நாங்கள் மாற்றிக்கொண்டிருந்தால் எதைப் பார்த்து எதைச் சொல்வாள், நீயே சொல்லு.

அடுத்த வாரம் ஆபரேஷன். ஓரத்தை எடுத்துவிட்டு நுனியைக் காப்பாற்றப் பார்ப்போம் என்கிறார்கள். உள்ளே திறந்து பார்த்தால்தான் உறுதி. கழுத்திலும் வெட்டுவார்கள். அப்புறம் கதிர்வீச்சு, அதுதான் கரண்ட், வைப்பார்கள். பேச்சு குழறும், பழகினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு சொல்கிறாள். ழ வராது, ற வராது என்று வரிசையாகச் சொன்னாள். “உங்க பேர் வருமா?” என்று கேட்டேன். வரும் என்றாள். “அது போதும், உங்கள மட்டும் திட்டினு இருக்கேன்” என்றேன்.

பயம் இல்லையா என்று கேட்காதே. உனக்குத் தெரியும். ஆனால் பயத்தைத் துண்டுக்குள் முடிந்து வைக்கிற வேலை நம் குடும்பத்தில் உன்னோடு போகட்டும்.

அதனால் ஒரு காரியம் பண்ணியிருக்கிறேன். ஊர்ப் பெரியதனக்காரரிடம் போய், பாடு போடுகிற அன்று சுகாதார நிலைய நர்ஸை வரவழைப்போம், ஒவ்வொருத்தனும் வாயைத் திறந்து காட்டிவிட்டுச் சீட்டு எடுக்கட்டும் என்றேன்.

“பாடு போடற எடத்துல பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கு இன்னா மாட்டுச் சந்தையாடா?” என்றார்.

“மாட்டுக்குக் கூட பல்லு பாக்கறாங்க பெரீப்பா. நம்மளத்தான் ஒருத்தனும் பாக்கல” என்றேன். என் வாயைத் திறந்து காட்டினேன். பார்த்தார். அப்புறம் உன் பேரைச் சொன்னார். நர்ஸை வரச் சொல்லு என்றார்.

மச்சான், இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. அடுத்த பாடு போடும்போது அந்தக் கூட்டத்தில் நான் இருப்பேன். நர்ஸுக்குப் பக்கத்தில் நின்று டார்ச் அடிக்கப் போவது நான். துண்டு கட்டிக்கொண்டு எவன் வந்தாலும் முதலில் அதை அவிழ்க்கப் போவதும் நான். அப்புறம் பேர் கூப்பிடுவார்கள். கன்னியப்பன் என்று கூப்பிடுவார்கள். மல்லிகா எனக்காகச் சொல்ல வேண்டாம், சேகர் வந்திருந்தால் அவனும் சொல்ல வேண்டாம். தெளிவாக வருகிறதோ குழறி வருகிறதோ, மிச்சம் இருக்கிற நாக்கை வைத்துக்கொண்டு நானே சொல்வேன்:

இருக்கேன்.

அப்போது காற்று கொஞ்சம் உன் பக்கம் திரும்பினால் காதைக் கொடு. அப்புறம் வழக்கம்போல முறைத்துவிட்டுப் போ.

உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்ட தப்புக்கு ஆயுசுக்கும் உன் மச்சானாக மாட்டிக்கொண்ட,
கன்னியப்பன்,
தோணிரேவு.